யார் சொல்லி வந்த பணம்

1913ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அதற்கு ஐந்து வாரம் கழித்து, ஜூன் 4ஆம் தேதி, பரோடா சமஸ்தானத்துக் கல்வித் துறை அதிகாரி முன்னிலையில் அம்பேத்கர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுன். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும். திரும்பி வந்ததும் பத்து ஆண்டு சமஸ்தானத்துக்கு வேலை பார்க்க வேண்டும். இந்த இரண்டு உதவிகளைப் பற்றியும் நம்மிடம் புழங்கும் கதை ஒன்றேதான்: மேதை இருந்தான், வள்ளல் கண்டுகொண்டான். பாரி காலத்திலிருந்தே நமக்குப் பிடித்த கதை அது. ஆனால் ஆவணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், மேதைக்கும் வள்ளலுக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிறார். சில சமயம் நாலைந்து பேர் நிற்கிறார்கள். இந்தியாவில் உயர்கல்விக்கு உதவித்தொகை தேடியவர்களின் வரலாற்றில் பணத்தட்டுப்பாட்டைவிட இந்த நடுவாளுக்கு இருந்த தட்டுப்பாடே பெரிது என்பது என் வாதம். அவர் செய்த வேலையை ஒரு விதி எடுத்துக்கொண்ட பிறகுதான், ஒருவர் இருவர் போன வழியில் ஊர் ஊராகப் பிள்ளைகள் போக முடிந்தது.

ராமானுஜனின் 75 ரூபாய் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தபோதே அவருக்கு உபகாரச் சம்பளம் இருந்தது. ஆங்கிலத்தில் தவறியதும் அது போயிற்று. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. பட்டம் இல்லாதவருக்குப் பல்கலைக்கழக விதிகளில் இடமே கிடையாது. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி.ராமசாமி ஐயரைத் திருக்கோவிலூரில் போய்ப் பார்த்தார். அங்கிருந்து சேஷு ஐயர், அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று கை மாறிக்கொண்டே போனார். ராமச்சந்திர ராவ் சில காலம் தம் பையிலிருந்தே மாதம் 25 ரூபாய் கொடுத்தார். பிறகு 1912 மார்ச்சில் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் கிளார்க் வேலை. அங்கே நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்காகப் பேசினார்கள். 1913 பிப்ரவரியில், அவர் எழுதிய கடிதத்துக்குக் கணித அறிஞர் ஹார்டியின் பதில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. அதே மாதம் துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறை இயக்குநர் கில்பர்ட் வாக்கர், நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். சிண்டிகேட்டில் விதி குறுக்கே நின்றபோது, ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று சட்டத்தின் முகப்புரையே சொல்கிறதே என எடுத்துக்காட்டியவர் நீதிபதி பி.ஆர்.சுந்தரம் ஐயர். எண்ணிப் பார்த்தால் ஒரு கலெக்டர், ஒரு துறைமுகத் தலைவர், ஒரு துறை இயக்குநர், ஒரு நீதிபதி, ஒரு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர். இத்தனை பேரும் சேர்ந்து நகர்த்திய தொகை மாதம் 75 ரூபாய். அதில் பணம் சிறியது. அதை நகர்த்திய மரியாதையின் எடை மிகப் பெரியது.

அம்பேத்கரின் சங்கிலி இதைவிடச் சிறியது. ஆனால் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் மொத்தமும் போயிருக்கும். மெட்ரிக் தேறிய அந்தப் பையனைப் பாராட்டக் கூடிய கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் இருந்தார். பள்ளி ஆசிரியர், எழுத்தாளர்; செல்வாக்கு மிகுந்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாடிடம் யார் மூலமாகப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவர் முயற்சியால் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படிக்க மாதம் 25 ரூபாய் கிடைத்தது. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் 1913இல் அமெரிக்கா. பம்பாயில் அன்று தீண்டப்படாத குடும்பங்களில் பிறந்து, பள்ளி வாசலை மிதித்து, பாதியில் நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் கேலுஸ்கருக்கும் இடையில் அறிமுகம் நேரவில்லை. பரோடா அரண்மனையின் கஜானாவில் அவர்களுக்கும் போதுமான பணம் இருந்தது.

நம் பக்கத்தில் கல்விக்கு மானியம் விடும் வழக்கம் மிகப் பழையது, அதற்கு விதியும் இருந்தது என்று ஒருவர் குறுக்கிடலாம். இருந்தது உண்மை. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் ஏற்பாடு செய்கிறது. அதற்கு 45 வேலி நிலம். ரிக் வேதம் படிப்போர் 75 பேர், யஜுர் 75 பேர், ரூபாவதாரம் என்ற இலக்கணம் படிப்போர் 40 பேர், பிரபாகர மீமாம்சை 35 பேர், வேதாந்தம் 10 பேர் என்று பாடவாரியாகத் தலைக்கணக்கு போட்டிருக்கிறது. இளைய மாணவருக்கு நாளுக்கு 6 நாழி நெல். மேற்படிப்பு படிப்பவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி. இன்றைய ஆராய்ச்சி மாணவர் பட்டமாணவரைவிடக் கூடுதல் தொகை வாங்குவதுபோலவே இது. அரை நூற்றாண்டுக்குள் வந்த திருமுக்கூடல் கல்வெட்டு, மாணவர் விடுதியில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் வரை ஒதுக்குகிறது. உதவித்தொகை வாங்கிப் படித்த எவரும் இந்தக் கல்வெட்டு எழுதியவனை மெச்சுவார்கள்: விடுதியில் இருப்பவனுக்கு என்னென்ன செலவு வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சிபாரிசுக் கடிதம் வேண்டாம். கல்லில் வெட்டிய உரிமை. ஆனால் யார் படிக்கலாம் என்பதைக் கல் சொல்லும் முன்பே பிறப்பு சொல்லிவிட்டது. அந்தப் பாடங்களுக்கு உரியவன் எவன் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆகவே விதி இருப்பது மட்டும் போதாது. விதி யாரை உள்ளே விடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

பிற்காலத்து அறக்கட்டளைகளிலும் இதே சிக்கல். 1794இல் இறந்த பச்சையப்ப முதலியார் தம் சொத்தைக் கோவில் கைங்கரியத்துக்கும் அன்னதானத்துக்கும் எழுதி வைத்தார். வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, நீதிமன்றம் தலையிட்டு, மிஞ்சிய பணத்தைக் கல்விக்குத் திருப்பியதால் 1842இல் பள்ளி திறந்தது, அதுவே கல்லூரியானது. அந்தக் கல்லூரி 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. தெற்கே விருதுநகர் நாடார் வணிகர்கள் வேறு வழி கண்டார்கள். வியாபாரத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை பிடித்தார்கள். வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அதைக் கொண்டு தொடங்கி நடத்தப்பட்டது சத்திரிய வித்தியாசாலை. காமராஜர் படித்தது அங்கேதான். பிறகு நாடார் மகாஜன சங்கம் கல்லூரிப் படிப்புக்குக் கடனாக உபகாரச் சம்பளம் கொடுத்தது. படித்து வேலைக்குப் போனவர் திருப்பிக் கட்டினால் அடுத்தவருக்கு ஆகும். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கோவில் நுழைவு மறுக்கப்பட்ட ஒரு சமூகம் யாரிடமும் கையேந்தாமல் தன்னையே படிக்க வைத்த கதை இது. ஆனால் மகமை பிடிக்கக் கடை வேண்டும். கடை இல்லாத சாதிக்கு, கூலிக்கு நெல் அறுக்கும் சாதிக்கு, இந்த வழி திறக்கவில்லை.

போட்டித் தேர்வு வந்ததும் நடுவாள் ஒழிந்தார் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நம்பியது. கல்கத்தாவில் இந்துஸ்தானி கற்பித்த கில்கிறிஸ்ட் விட்டுச் சென்ற பணத்தில், பிரிட்டனில் படிக்க இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்பட்டது. பரீட்சை எல்லோருக்கும் பொது; விடைத்தாளில் சாதி தெரியாது. 1882இல் அதை வென்று எடின்பரோ போனவர் பிரபுல்ல சந்திர ராய். அவருடன் வென்ற இன்னொருவர் பம்பாய்க்காரர். நல்ல விதிதான். ஆனால் அந்தப் பரீட்சைக்கு லத்தீன் வேண்டும், கிரேக்கமோ சமஸ்கிருதமோ வேண்டும், பிரெஞ்சோ ஜெர்மனோ வேண்டும். ராயின் தந்தை புத்தகம் சேர்த்து வைத்த ஜமீன்தார். மகனைப் படிக்க வைக்கவே குடும்பத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர். குடும்பம் நொடித்துப்போன பிறகும் வீட்டில் ஏறியிருந்த படிப்பு இறங்கவில்லை. நடுவாள் ஒழியவில்லை என்பதே இதன் பொருள். அவர் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தார். 1892இல் ஜாம்செட்ஜி டாடா தொடங்கிய நிதி இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. அது கடனாகக் கொடுத்தது, நேரில் அழைத்துப் பேசித் தேர்ந்தது. தொடக்கத்திலேயே பெண் மருத்துவர்களை மேற்படிப்புக்கு அனுப்பியது. கேரளத்தில் உழவூர் என்ற சிற்றூரின் குடிசை வீட்டிலிருந்து, சம்பளம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டுப் படித்த கே.ஆர்.நாராயணன் 1945இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனதும் டாடா உதவியால்தான். ஆனாலும் அது ஆண்டுக்குச் சிலருக்கான வாசல்.

இங்கேதான் அம்பேத்கரிடம் திரும்பி வர வேண்டும். வள்ளன்மையின் ருசி என்ன, விலை என்ன என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. 1917இல் ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். அலுவலகத்தில் பியூன் கோப்பைத் தூக்கி எறிந்தான். உதவி கொடுத்த மகாராஜா நல்லவர்தான். அவர் நல்லெண்ணம் அவர் ஊரின் ஒரு தெருவுக்குக்கூட எட்டவில்லை. படிப்பை முடிக்க 1920இல் மறுபடி லண்டன் போக கோலாப்பூர் சாகு மகாராஜாவும் ஒரு பார்சி நண்பரும் கைகொடுக்க வேண்டியிருந்தது. இத்தனையும் பட்டவர், வைஸ்ராய் நிர்வாக சபையில் உறுப்பினரான 1942இல், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனு கொடுத்தார். அதில் எந்த மாணவரின் பெயரையும் சிபாரிசு செய்யவில்லை; வள்ளல்களைத் தேடித் தரும்படியும் கேட்கவில்லை. பட்ஜெட்டில் ஒரு வரி கேட்டார். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உயர்கல்வி பெற அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே அலிகர், பனாரஸ் பல்கலைக்கழகங்களுக்கு மானியம் கொடுக்கிற அரசுதானே இது என்று வாதிட்டார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் தொடங்கிய அந்த ஏற்பாடுதான் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையாக இன்றுவரை ஓடுகிறது. 1948இல் பழங்குடியினரும் சேர்ந்தார்கள். நூற்றுக்கணக்கில் தொடங்கியது லட்சங்களில் போய் நின்றது. எந்தக் கேலுஸ்கரும் அத்தனை பேரை அழைத்துக்கொண்டு அரண்மனைக்குப் போயிருக்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ராமானுஜனிடமிருந்தே வரும். அவரைக் கைவிட்டது எது? விதிதானே. ஆங்கிலத்தில் இத்தனை மார்க் வாங்காவிட்டால் சம்பளம் நிற்கும் என்று சொன்ன விதி. காப்பாற்றியது எது? விதியை வளைத்த பெரிய மனிதர்கள். எல்லாவற்றையும் விதியாக்கினால் அடுத்த ராமானுஜனை யார் பிடிப்பார்? இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. மார்க் பட்டியலுக்கு வெளியே நிற்கும் திறமையைக் காண மனிதக் கண்தான் வேண்டும். ஆனால் கதையின் முடிவை மட்டும் வைத்து இந்த வாதம் பேசுகிறது. கண்டுபிடிக்கப்பட்டவரைத்தான் நாம் எண்ணுகிறோம். காணாமல் போனவருக்குக் கணக்கு ஏது? தவிர, ராமானுஜனின் நடுவாள்கள் பலர் அவருடைய சமூகத்தையே சேர்ந்தவர்கள். ஒரே பேச்சு, ஒரே பந்தி. வறுமை பொதுவானதுதான். ஆனால் கலெக்டர் வீட்டுத் திண்ணையில் ஏறி நோட்டை விரிக்கும் துணிவும் அனுமதியும் எல்லா ஏழைக்கும் பொதுவாக இருக்கவில்லை. மூன்றாவதாக, சிண்டிகேட் செய்தது விதியைத் தூக்கி எறிவதை அல்ல. சட்டத்தின் முகப்புரையில் பிடிப்பைத் தேடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, இரண்டு ஆண்டுக்கு என்று வரையறுத்தது. விலக்குக்கும் அங்கே ஒரு முறை இருந்தது. மார்க்கை மட்டும் பார்க்கும் விதி மோசமான விதி என்பதையே ராமானுஜன் நிரூபிக்கிறார். 1919 ஜனவரியில், பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தபோது அவர் எழுதிய பதிலைப் படித்தால் அவரே எந்தப் பக்கம் என்பது ஓரளவு தெரியும். பெற்றோருக்கு 50 பவுன் போக, தம் அவசியச் செலவுக்கு மேல் மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடச் சொன்னார். இன்னொரு கணித மேதையைத் தேடிக் கொடுக்கச் சொல்லவில்லை.

உதவித்தொகையே வேண்டாம், கட்டணத்தை ஒழித்துவிட்டால் போதும் என்று சொல்வோரும் உண்டு. இலங்கை அதைச் செய்து பார்த்தது. கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த சீர்திருத்தத்தால் 1945 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கட்டணமில்லை. தென்னாசியாவில் அதற்கு நிகராக எதையும் சொல்லத் தோன்றவில்லை. ஆனாலும் 1981இல் மகாபொல உதவித்தொகை வர வேண்டியிருந்தது. கட்டணம் இல்லை என்றாலும் மட்டக்களப்பிலிருந்து பேராதனைக்குப் போகிற பிள்ளைக்கு அறை வேண்டும், சாப்பாடு வேண்டும், பஸ் காசு வேண்டும். திருமுக்கூடல் கல்வெட்டுக்காரனுக்கு இது தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை இலவசம் என்று கேலி செய்பவர்கள், கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் பெண்ணின் மாதச் செலவை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

கொடுப்பவனுக்கு நிபந்தனை போட உரிமை இல்லையா என்ற கேள்வி மிஞ்சுகிறது. தன் சொந்தப் பணத்துக்குப் போடட்டும். அதுவும் காலத்துக்கும் செல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செசில் ரோட்ஸ் 1902இல் விட்டுச் சென்ற உயில் ஆக்ஸ்போர்டுக்கு ஆண்களை மட்டும் அனுப்பச் சொன்னது. 1977இல் பெண்கள் அதில் நுழைந்தார்கள், அறக்கட்டளை கவிழ்ந்துவிடவில்லை. வரிப்பணத்துக்கு அந்த உரிமையே கிடையாது என்பேன். வெளிநாட்டில் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய அரசு 1954 முதல் தரும் உதவித்தொகையில், 2022இல் ஒரு நிபந்தனை சேர்ந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணம் கிடையாது. இவற்றை இங்கேயே படிக்கலாமே என்பது அரசுத் தரப்பு. 1916இல் கொலம்பியாவில் அம்பேத்கர் வாசித்த கட்டுரையின் பொருள் இந்தியாவில் சாதிகள். மன்னராட்சி நடத்திய கெய்க்வாடின் பணத்தில் அதை எழுத முடிந்தது.

விதிகளுக்கு இருக்கும் உண்மையான நோய் வேறு. அவை எழுதிய தேதியிலேயே நின்றுவிடுகின்றன. மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2013இல் 2.5 லட்சம் ரூபாய் ஆக்கப்பட்டது; அதன் பிறகு பத்தாண்டு கடந்தும் அது நகரவில்லை. கொத்தனார் ஒருவர் நாளுக்கு 1,000 ரூபாய் கூலி வாங்கி ஆண்டில் 250 நாள் வேலைக்குப் போனால் அந்த வரம்பைத் தொட்டுவிடுவார். மனைவி சித்தாள் வேலைக்குப் போனால் தாண்டிவிடுவார். தாண்டியவர் மகள் பொறியியல் படிக்கக் கூடாதா? ஆகவே வருமானச் சான்றிதழில் தொகையைக் குறைத்துப் போடச் சொல்லி வி.ஏ.ஓ.விடம் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் எழுதியதை ஆர்.ஐ. பார்க்க வேண்டும், தாசில்தார் ஒப்புக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. ஆனால் எந்த மேசையில் அது தேங்கியிருக்கிறது, யாரைப் பார்த்தால் நகரும் என்று தெரிந்த ஓர் ஆள் தாலுகா ஆபீசைச் சுற்றி எப்போதும் இருக்கிறார். 1944இல் வேலை போன அந்த நடுவாளை, வருமான வரம்பைத் திருத்த மறந்தவர்கள் மறுபடி வேலைக்கு வைத்திருக்கிறார்கள். கேலுஸ்கர் காசு கேட்கவில்லை, இவர் கேட்கிறார்.